மூப்பறியா இருநூறு

அறுபதைக் கடந்த ஏழை முதியோருக்கு நம் மத்திய அரசு மாதந்தோறும் திருக்கரத்தால் வழங்கியருளும் 200 ரூபாயைப் புகழ நாவொன்று போதாது. 2006-இல் 75-இலிருந்து எழுந்தருளி 200 ஆனது, இன்றும் 200. வாங்குகிறவருக்குப் பல் விழுந்தது, கண் புரையோடியது, முதுகு வளைந்தது. தொகையின் மேனியில் ஒரு சுருக்கமுண்டா? என்றும் பதினாறாய் நின்ற மார்க்கண்டேயரும் வந்து வணங்க வேண்டிய இளமை அது!

கொடையின் நுட்பமோ அதனினும் பெரிது. நாளொன்றுக்கு 6 ரூபாய் 67 காசு. டீக்கடையில் ஒரு முழு டீக்குக் காணாது. சர்க்கரை ஆகாதென்று மருத்துவர்கள் தொண்டை வற்றக் கத்தியும் திருந்தாத கிழடுகளை ஒரு சொல்லும் சொல்லாமல் திருத்திய மாண்பை என்னென்பது! தமிழ்நாடு போன்ற பொறுமையற்ற மாநிலங்கள் தம் கஜானாவைத் திறந்து 1,200 ஆக்கி இந்தத் தவத்தைக் குலைத்தன. பெரியோர் பொறுத்தருள்க.

விலைவாசியின் பண்பையும் சொல்லாமல் விடலாகாது. யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்றறிந்த உத்தமன் அவன். முன்னாள் எம்.பி.க்களின் இல்லம் புகுந்து அவர்தம் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 25,000-இலிருந்து 31,000 ஆக்கினான். 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தாலும் 2023 ஏப்ரலிலிருந்தே கணக்கு என்பது அவன் தாராளம். குடிசை வாசலுக்கும் வந்தானாம். பாட்டி அயர்ந்து தூங்குகிறாள், எழுப்புவானேன் என்று அடிமேல் அடி வைத்துத் திரும்பிவிட்டானாம்.

வயதில் பேதம் பாராட்டாத பெருந்தன்மைக்கு ரயில்வே சாட்சி. 2020 மார்ச் வரை அறுபதான ஆணுக்கு 40 சதவீதம், ஐம்பத்தெட்டான பெண்ணுக்கு 50 சதவீதம் எனக் கட்டணச் சலுகை தந்து மூத்தோரைத் தனியே பிரித்து வைத்திருந்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் அவர்கள் அலையக் கூடாதென்று அது நின்றது. தொற்று போய்விட்டது, அக்கறை போகவில்லை. பேரனும் தாத்தாவும் இன்று ஒரே கட்டணத்தில் சமமாகப் பயணிக்கிறார்கள். மேல் படுக்கை கிடைத்த தாத்தாவுக்கு ஏறி இறங்கும் உடற்பயிற்சி இலவசம்.

எத்தனை பேர் முதுமை எய்தினர் என்று விசாரித்து மனம் நோகச் செய்யும் வழக்கமும் தளர்ந்தது. 2021-இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கைத் தள்ளிவைத்து, தேசத்தையே ஏட்டில் 2011-இன் இளமையில் நிறுத்திய காயகற்பம் வேறெந்த மன்னனுக்கு வாய்த்தது?

எண்பதை எட்டியவருக்கு 500 ரூபாய் என்று 2011-இல் அருளியதையும் மறைப்பது நன்றிகேடாகும். அறுபதில் சேர்ந்தவர் அதற்கு அதிகமாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இருபதே ஆண்டுகள் அந்த 200-ஐ உண்டு, உயிரோடு வந்து நின்றால் போதும்.