கம்பளி யோகம்

மயிலாப்பூரில் வாசம் செய்யும் நம் சிநேகிதி ஒருவர், சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொட்டு நிற்கும் பிற்பகல்களில், மின்விசிறியை முழுவதுமாகத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு, கழுத்துவரை மூடும் கம்பளி ஸ்வெட்டர் பின்னுவதையே பரம புருஷார்த்தமாகக் கொண்டிருக்கிறார். காலுறை பின்னும் இயந்திரத்தை வில்லியம் லீ என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1589-ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார் என்பதோ, திருப்பூரில் பின்னல் இயந்திரங்கள் இரவும் பகலும் சுழன்று தேசாந்தரங்களுக்கெல்லாம் பனியன் அனுப்புகின்றன என்பதோ அவருடைய உற்சாகத்தை லவலேசமும் குறைத்ததில்லை.

வித்தை மஃப்ளரில் ஆரம்பமாயிற்று. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நீண்டுகொண்டே போவது தவிர அதில் தோஷமில்லை. பிறகு காலுறை. குதிகால் வந்ததும், பாதிக் கண்ணிகளை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி, ஓரக் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்து, மறுபடியும் வட்டமாக ஓட வேண்டும். இந்தச் சக்கரவியூகத்திலிருந்து ஜெயத்தோடு மீண்டவரை, இன்னொரு காலுக்காகவும் அதற்குள் புகச் சொல்வது தர்மமாகுமா? ஆகவே பெட்டி நிறைய ஒற்றைக் காலுறைகள்.

தற்சமயம் ஊசியில் இருப்பது, பேரனுக்கென்று தொடங்கி, அவன் வளர்ந்துவிட்டமையால் அவன் தங்கைக்கு மாற்றப்பட்டு, அவளும் வளர்ந்துவிட்டமையால் இனிப் பிறக்கப்போகும் குழந்தைக்கென்று நிச்சயமாகியிருக்கும் ஸ்வெட்டர். அதை உடுத்திப் பார்க்கவேனும் மார்கழியில் குடும்பத்தோடு கொடைக்கானல் போக வேண்டுமாம். நூல் விலையோடு பிரயாணச் செலவையும் கூட்டினால் என்ன ஆகும் என்று அவருடைய கணவர் வாயெடுத்தார்.

"சித்த சும்மா இருங்கோ, கண்ணி எண்ணிண்டிருக்கேன்!" என்றார் அம்மையார்.