காதுக்குப் பின்னால் கரண்டு

வீட்டில் பல்பு மாற்றவேண்டி வந்தால் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது, ஏறுவது மனைவி. மழைக்காலத்தில் ரப்பர் செருப்பு மாட்டாமல் ஸ்விட்சைத் தொடமாட்டேன். இப்படிப்பட்டவனுக்குத் தலைச்சுற்று வந்தது. கட்டிலில் புரண்டால் போதும், அறையே கெறங்கும். வைத்தியம் தேடி வாசித்தால், காதுக்குப் பின்னால் கரண்டு கொடுக்கிறார்களாம்!

முப்பந்தலில் காற்றாலை சுற்றினால் கரண்டு வரும். இங்கே சுற்றுவதை நிறுத்தக் கரண்டு.

இதைத் தொடங்கிவைத்தவர் வோல்டா. 1800இல் உலகுக்கு அறிவித்த தன் மின்கலத்தின் இரு முனைகளையும் தன் காதுகளுக்குள்ளேயே விட்டுப் பார்த்திருக்கிறார். மண்டைக்குள் ஒரு உதை. பிறகு கெட்டியாக ஏதோ கொதிக்கிற சத்தம். அடைப்பிரதமன் கொதிப்பதுபோல இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடிக்கடி செய்துபார்க்க அவருக்கே பயமாக இருந்ததாம். அந்த இடத்தில்தான் மனிதரை எனக்குப் பிடித்துப்போனது.

தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சேதி சொல்வது உள்காதின் மூன்று அரைவட்டக் குழல்கள். ஜென்டாமைசின் போன்ற மருந்தாலோ வேறு காரணத்தாலோ இரண்டு காதிலும் அந்தச் சேதி மங்கினால், நடக்கும்போது ரோடே குதிக்கும். இருட்டில் கால் நிற்காது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஷினிச்சி இவாசாகி குழுவினர் இப்படிப்பட்டவர்களுக்கு மிகச் சன்னமான, ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும் கரண்டைக் கொடுத்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். அளவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே, பாய்வதே தெரியாது. ஆனால் நிற்கும்போது உடம்பின் ஆட்டம் குறைந்தது. மங்கிய சேதியோடு கொஞ்சம் இரைச்சல் கலந்தால், அது மூளைக்கு எட்டிவிடுகிறதாம். இரைச்சலால் மனிதன் நிதானமாவான் என்கிற இந்தப் பகுதியை மட்டும் மனைவிக்கு வாசித்துக் காட்டவில்லை. அளவு முக்கியம், கரண்டைக் கூட்டி ஒரே சீராகப் பாய்ச்சினால் ஆள் நேர்முனை இருக்கிற பக்கமாகச் சாய்ந்துவிடுவார்.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு நாகர்கோவிலில் ஒரு காது டாக்டரிடம் போனோம். என்னுடையது அந்த வகையே இல்லையாம். காதுக்குள் இருக்கும் கால்சியம் துகள்கள் இடம் மாறிக் குழலுக்குள் போய்விட்டனவாம். தலையை ஒரு பக்கம் திருப்பிப் படுக்கவைத்தார், மறுபக்கம் புரட்டினார், எழுப்பி உட்காரவைத்தார். அறை நின்றது.

"அப்பம் இவுங்களுக்குக் கரண்டு வேண்டாமா டாக்டர்?" என்றாள் மனைவி.

"வேண்டாம்மா."

"சும்மா, கொஞ்சம் போல வச்சுப் பாத்தா?"