மேஜை நாற்காலிக்கு யார் பொறுப்பு?

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் என் வீட்டு சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு, என் மிக்சரையும் தின்றுகொண்டே சொன்னான்: "சித்தப்பா, ஒண்ணைவிட ரெண்டுதான் செம. ஒண்ணு சும்மா பழைய கேம்."

பேச்சு 'மார்வெல் அல்டிமேட் அலையன்ஸ்' பற்றியது. முதல் கேம் 2006-இல் வந்தது, இரண்டாவது 2009-இல். முதலாவது வந்தபோது இவன் பிறக்கவே இல்லை. பிறப்பதற்கு முன்னால் நடந்ததைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லாததால், இன்னும் ஒரு பிடி மிக்சரைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

நான் 'முதல் பாகம் மாதிரி வரலை' கட்சி. நீங்களும் அதே கட்சிதான், மறைக்க வேண்டாம். இரண்டாம் பாகத்துக்கு டிக்கெட் எடுக்கும்போதே அந்த வாக்கியத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் நாமெல்லாம் தியேட்டருக்குள் நுழைகிறோம். இடைவேளைவரை அதை வெளியே எடுக்காமல் இருப்பதே பெரிய பொறுமை. ஆனால் இந்த கேம் விஷயத்தில் என்னிடம் நிஜமாகவே ஒரு காரணம் இருக்கிறது. சொன்னால் பையன் வாயை மூடிவிடுவான். அப்பேர்ப்பட்ட காரணம். கடைசியில் சொல்கிறேன்.

முதல் கேமைச் செய்தவர்கள் ரேவன் சாஃப்ட்வேர். அதற்கு முன்பே எக்ஸ்-மென் லெஜண்ட்ஸ் இரண்டு பாகங்களை எடுத்துக் கை பழகியவர்கள். ஷீல்டு என்ற உளவு அமைப்பின், நடுவானில் பறக்கும் கப்பலை வில்லன் டாக்டர் டூமின் ஆட்கள் தாக்குகிறார்கள். கேப்டன் அமெரிக்கா, தோர், ஸ்பைடர்மேன், வுல்வரின் நான்கு பேரும் வந்து இறங்குகிறார்கள். அங்கே எதிரே வருவது ஃபின் ஃபாங் ஃபூம் என்ற டிராகன். காமிக்ஸில் 1961-இலிருந்து ஊதா நிற அரை டிரவுசர் போட்டுக்கொண்டு திரிகிற ஜந்து. டிராகனுக்கு எதற்கு டிரவுசர் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த கேமின் மனநிலையே அதுதான். பிறகு அட்லாண்டிஸ், மாண்டரின் அரண்மனை, மெஃபிஸ்டோவின் நரகம், அஸ்கார்டு, ஷியார் பேரரசு, கேலக்டஸ் வந்து விழுங்கப்போகிற ஸ்க்ரல் கிரகம் என்று ஊர் ஊராகக் கூட்டிப்போவார்கள். கதை என்று பார்த்தால் டூம் ஓடினின் சக்தியைத் திருடப் பார்க்கிறான், அவ்வளவுதான். யாருக்குக் கதை வேண்டும்?

இரண்டாவதைச் செய்தவர்களுக்குக் கதை வேண்டியிருந்தது. விகாரியஸ் விஷன்ஸ் என்ற வேறு நிறுவனம். காமிக்ஸிலிருந்து 'சீக்ரெட் வார்', 'சிவில் வார்' இரண்டையும் எடுத்து ஒட்டினார்கள். ஷீல்டின் தலைவர் நிக் ஃப்யூரி யாருக்கும் சொல்லாமல் ஹீரோக்களைக் கூட்டிக்கொண்டு லட்வேரியாவுக்குள் புகுந்து அந்நாட்டுப் பிரதமரின் ஆட்சியையே கவிழ்க்கப் பார்க்கிறார். அப்புறம் ஸ்டாம்ஃபோர்டு நகரத்தில் இளம் ஹீரோக்கள் வில்லன்களைத் துரத்தப்போய் நைட்ரோ என்பவன் வெடிக்கிறான். பொதுமக்கள் சாகிறார்கள். அரசு, சூப்பர் ஹீரோக்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவருகிறது. அயர்ன்மேன் ஆதரவு, கேப்டன் அமெரிக்கா எதிர்ப்பு. நீங்கள் எந்தப் பக்கம் என்று கேம் நம்மைக் கேட்கிறது.

கனமான கேள்விதான். ஆனால் யாரிடம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். லட்வேரியாக் கோட்டைக்குள் என்ன செய்துவிட்டு வந்தோம் என்று இந்த இடத்தில் யோசிக்க வேண்டும். நாட்டுக்கே ஆபத்து, நேரமில்லை, ஓடுங்கள் என்று ஃப்யூரி கத்துகிறார். கதவு திறந்தேதான் இருக்கிறது. போக மாட்டோம். ஓரத்தில் ஒரு மேஜை நிற்கிறதே! அதை உடைக்காமல் எப்படிப் போவது? உடைத்தால் உள்ளே ஏதாவது இருக்கும். முதல் கேமில் காசு வரும் என்று பழக்கிவிட்டார்கள், கை நிற்காது. மேஜையை உடைத்ததும் நாற்காலி கண்ணில் படும். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளோடு மோதிய கேப்டன் அமெரிக்கா, கேடயத்தைச் சுழற்றி ஒரு பூச்சாடியைக் குறிபார்த்து அடிப்பார். புயலையே கையில் வைத்திருக்கும் ஸ்டார்ம் ஒரு பீரோமீது இடியை இறக்குவார். சக்தி வந்தால் பொறுப்பும் வரவேண்டும் என்று பென் பெரியப்பா சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை ஸ்பைடர்மேன், நடைபாதையில் ஒரு மரப்பெட்டியையும் மிச்சம் வைக்க மாட்டான். அண்ணன் மகன் இன்னும் ஒரு படி மேலே. உடைந்ததையே திரும்ப உடைக்கிறான். "டேய், அது ஏற்கெனவே போச்சுடா" என்றால், "இருங்க சித்தப்பா, அசையுது" என்கிறான்.

நான்கு பேரும் ஒரே திரைக்குள்தான் இருக்க வேண்டும் என்பது இந்த கேம்களின் விதி. ஒருவன் பின்னால் நின்று அலமாரியை நொறுக்கிக்கொண்டிருந்தால், முன்னால் போனவன் திரையின் ஓரத்தில் மூக்கு முட்டி, ஓடுகிற மாதிரி காலை ஆட்டிக்கொண்டு அதே இடத்தில் நிற்க வேண்டியதுதான். உலகத்தைக் காப்பாற்ற நான் தயார். என் அணி ஒரு ஸ்டூலோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

இப்படி அரண்மனை முழுவதையும் விறகாக்கிவிட்டு அமெரிக்கா திரும்பினால் சட்டத்தைப் பற்றி நம் கருத்து என்ன என்கிறார்கள். பையன் ஒரு வரி படிக்கவில்லை. "எதிர்ப்பு! கேப் பக்கம்தான் கெத்து" என்று பட்டனை அழுத்திவிட்டான். அந்தச் சட்டம் தேவை என்பதற்குச் சாட்சியே நாங்கள்தான். காமிக்ஸில் 'டேமேஜ் கண்ட்ரோல்' என்றே ஒரு கம்பெனி உண்டு. 1980-களின் கடைசியில் டுவேன் மெக்டஃபியும் எர்னி கொலோனும் உருவாக்கியது. ஹீரோக்கள் சண்டை போட்டு இடித்த கட்டடங்களைச் சரிசெய்வதுதான் அதன் தொழில். சிவில் வார் கிளைக்கதை ஒன்றில் வுல்வரின் துப்பறிந்து போனால், நைட்ரோவுக்கு வீரியம் ஏற்ற மருந்து கொடுத்ததே அந்தக் கம்பெனியின் தலைமை ஆசாமி என்று தெரியவரும். இடித்தால்தானே கான்ட்ராக்ட்! இந்த ஒரு கிளைக்கதையை கேமாக எடுத்திருந்தால் நான் இரண்டாவது பாகத்துக்குக் கோயில் கட்டியிருப்பேன். எடுக்கவில்லை. மேஜைக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

எந்தப் பக்கம் என்று அவ்வளவு முறுக்காகக் கேட்டார்களே, அதுவாவது உருப்பட்டதா? நடுவில் சில லெவல்கள் வேறு வேறாக வரும். அப்புறம் ஃபோல்டு என்று ஒரு பொது எதிரி முளைக்கும். வில்லன்களை அடக்க அவர்கள் உடம்பில் ஏற்றிய நானோ இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே மூளையாகிவிடும். உடனே இரு தரப்பும் கட்டிப்பிடித்துக்கொள்ளும். கொள்கை வேறு, கூட்டணி வேறு என்று நமக்குத் தெரியாதா? முதல் கேமில் இப்படி இல்லை. மெஃபிஸ்டோவின் நரகத்தில் ஜீன் கிரே, நைட்கிராலர் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். கேம் முடிந்தபின், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் வாட்சர் என்பவர் வந்து, நீ இன்னாரை விட்டுவிட்டாய், அதனால் உலகத்தில் இன்னது நடந்தது என்று ஒவ்வொன்றாகப் படிப்பார். ரிப்போர்ட் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா படிப்பது போலவே இருக்கும்.

இரண்டாவதின் பெருமையெல்லாம் ஃப்யூஷன். இரண்டு ஹீரோக்கள் சக்தியைச் சேர்த்து அடிப்பது. கூட்டத்தை மொத்தமாகச் சாய்க்க ஒன்று, பெரிய வில்லன்மேல் குவிக்க ஒன்று, நாமே திசை திருப்பி ஓட்டிக்கொண்டு போக ஒன்று. முதல் மணி நேரம் வாய் பிளந்து பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். பிறகு ஜோடி மாறுகிறது, அடி மாறவில்லை. இதற்கு விலையாக என்னவெல்லாம் பிடுங்கினார்கள்! ஒவ்வொரு ஹீரோவுக்கும் தனித்தனியாக மாட்டிவிடும் ஆயுதம், கவசம் எல்லாம் போயிற்று. மொத்த அணிக்குமாகச் சில பதக்கங்கள். ஆளுக்கு நான்கு உடை இருந்தது இரண்டாகிவிட்டது.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, பையன் வாயை அடைக்கும் அந்தக் காரணத்தை இப்போது சொல்லிவிடலாம்தான். ஆனால் அதற்கு முதல் கேமைப் போட்டுக் காட்ட வேண்டும். 2016-இல் இரண்டையும் புதிய கன்சோல்களுக்கும் கணினிக்கும் மறுபடி விற்றார்கள். 2018-இல் ஆன்லைன் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். காசை நீட்டினாலும் கொடுக்க ஆள் இல்லை. பழைய டிஸ்க் வைத்திருப்பவன்தான் ராஜா. என் டிஸ்க்கில் அஸ்கார்டு வந்ததும் படம் உறைந்துவிடுகிறது.

மூன்றாவது பாகம் கிடைக்கிறது. 2019-இல் வந்தது, டீம் நிஞ்சா செய்தது, நிண்டெண்டோ சுவிட்சில் மட்டும். நண்பர் வீட்டில் ஆடிப் பார்த்தேன். குறுகலான இடத்துக்குள் போனால் கேமரா தனக்குப் பிடித்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறது. தோர் எங்கே என்று தேடினால் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அடி வாங்கிக்கொண்டிருக்கிறார். இதை எப்படி ஆடுகிறீர்கள் என்று நண்பரைக் கேட்டேன். பழகிடும் என்றார். ஏன் பழக வேண்டும்? இரண்டாவது பாகத்தில் கேமராவாவது சொன்ன பேச்சைக் கேட்டது.