நகத்துக்கு 400, நாக்குக்கு 40

"ஸ்பானிஷ் தெரியுமா? நாற்பதே மணி நேரத்தில் மருத்துவ மொழிபெயர்ப்பாளர் ஆகுங்கள், வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்" என்று அமெரிக்கப் பயிற்சி விளம்பரம் ஒன்று இந்த வாரம் முழுக்கக் கைபேசியை விட்டு இறங்க மறுக்கிறது. பேச்சை உடனுக்குடன் மாற்றிச் சொல்லும் இந்த வேலைக்குத் துபாஷி என்ற நம் பழைய பெயரே போதும். நடுவயதில் தொழில் மாறத் துடிக்கும் நம்மைப் போன்றவர்களை விளம்பரக்காரர் நன்றாக அறிந்து வைத்திருக்கிறார். நமக்கு வேலையா முக்கியம்? வகுப்பில் சேர வேண்டும், புது நோட்டு வாங்க வேண்டும், எந்த ஹெட்போன் உசத்தி என்று ஆராய வேண்டும், கடைசியில் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். அங்கே இந்தச் சான்றிதழ் தரும் தேசிய அமைப்புகள் இரண்டு. இரண்டும் 2009இல் தோன்றியவை. எதன் தேர்வை எழுதினால் நல்லது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 40 மணி நேரத்தைக் கவனிக்க வேண்டும். விளம்பரக்காரர் அதைக் கற்பனை செய்யவில்லை. இரண்டு அமைப்புகளும் கேட்கும் குறைந்தபட்சப் பயிற்சியே அவ்வளவுதான்.

40 மணி என்றால் 2,400 நிமிடம். வளர்ந்த மனித உடம்பில் எலும்பு 206. எலும்புக்கு இரண்டு நிமிடம் என்றால் ஏறக்குறைய ஏழு மணி நேரம் தீர்ந்தது. தசைகள் 600க்கு மேல். தலைக்கு ஒரு நிமிடம் கொடுத்தாலும் பத்து மணி. மிச்சம் 23. இன்னும் ரத்தமே ஓடத் தொடங்கவில்லை; கல்லீரலும் கணையமும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. இதற்குள் நோயாளிகளின் தகவலைக் காக்கும் 1996ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் ரகசியக் காப்பு விதிகளைப் படிக்க வேண்டும். நோயாளி "எனக்கு வலிக்கிறது" என்றால், "அவருக்கு வலிக்கிறதாம்" என்னாமல் "எனக்கு வலிக்கிறது" என்றே சொல்லப் பழக வேண்டும். டாக்டர் மூச்சு விடாமல் கொட்டுவதைக் குறிப்பெடுக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தைப் பார்த்த மாத்திரத்தில் மறு மொழியில் வாய்விட்டு வாசிக்க வேண்டும். அப்புறம் அமெரிக்க மருத்துவக் காப்பீடு இருக்கிறது. அது அமெரிக்கருக்கே விளங்காத சங்கதி என்பதால் விட்டுவிடலாம். ஸ்பானிஷாவது ஒரே மாதிரி இருக்கிறதா? மெக்சிகோக்காரர் பேச்சு வேறு, கியூபாக்காரர் பேச்சு வேறு. குவாத்தமாலா மலையூரிலிருந்து வந்தவருக்குத் தாய்மொழி மாம் ஆகவோ கிச்சே ஆகவோ இருந்து, ஸ்பானிஷே அரைகுறையாக இருக்கலாம். நடுவில் சாப்பிடவும் வேண்டும். கலிபோர்னியாவில் அடுத்தவர் நகத்துக்குச் சாயம் பூசும் உரிமத்துக்கு 400 மணி நேரம் பயில வேண்டும், முடிதிருத்த 1,000. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் கற்பிக்க 30 வாரம் ஒதுக்குகிறது. (தமிழுக்கு 44 வாரம். நாம் எந்த உழைப்பும் போடாமல் பெருமைப்படலாம்.) நகம் தவறினால் திரும்ப வளரும், மருந்தின் அளவைத் தவறாகச் சொன்னால் அந்தச் சலுகை கிடையாது.

"40 மணி மொழி கற்க அல்ல, மொழி தெரிந்தவர் தொழில் கற்க" என்பார்கள். நியாயம், மொழித்திறனுக்குத் தனிச் சான்றும் கேட்கிறார்கள். தொழிலுக்காவது அது போதுமா? ஆய்வாளர் கிளென் ஃப்ளோரஸ் குழுவினர் மாசசூசெட்ஸில் குழந்தைகளுக்கான இரண்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளில், ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களுக்கும் டாக்டர்களுக்கும் நடந்த 57 உரையாடல்களைப் பதிவு செய்து, 2012இல் கணக்கு வெளியிட்டார்கள். மொத்தப் பிழை 1,884. நூறு மணி நேரத்துக்குக் குறைவாகப் பயின்ற தொழில்முறைத் துபாஷிகளின் பிழைகளில் 12 சதவீதம் நோயாளிக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியவை. நூறும் அதற்கு மேலும் பயின்றவர்களிடம் அது 2 சதவீதம். எத்தனை வருடம் வேலை பார்த்தார்கள் என்பதால் வித்தியாசமே இல்லை. "எல்லாம் போகப் போகப் பழகிடும்" என்று நாம் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வதற்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. போகப் போகத் தப்புதான் பழகுகிறது.

"ஆளே இல்லாமல் கூட வந்த உறவுக்காரரை வைத்துச் சமாளிப்பதற்கு இது எவ்வளவோ மேல்" என்பது அடுத்த வாதம். மேல்தான். அதே கணக்கில் உறவினர், தாதி என்று கைக்குக் கிடைத்தவர்கள் செய்த பிழைகளில் 22 சதவீதம் ஆபத்தானவை. யாருமே இல்லாதபோது 20. அதாவது மச்சானைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் ஒன்றுதான். ஆனால் மச்சானைவிடத் தேவலை என்பது ஒரு தொழிலுக்குத் தகுதியா? தேர்வு விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், அதற்கு முன் இன்னொன்று: "100 மணி நேரம் கேட்டால் யாரும் வரமாட்டார்கள்" என்கிறார்களே, ஏன் வரமாட்டார்கள்? தொலைபேசித் துபாஷிகள் பலருக்கு நிமிடக் கணக்கில் கூலி, அதுவும் பேசிய நிமிடத்துக்கு மட்டும். காத்திருந்த நேரம் அவர் தலையெழுத்து. கூலியைக் கூட்ட மனமில்லாதவர்களுக்குப் பயிற்சியைக் குறைப்பது சௌகரியம். நமக்கும் சௌகரியம், வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் வந்துவிடும். "இன்னும் கொஞ்ச நாளில் எல்லாம் இயந்திரமே செய்துவிடும், எதற்கு இந்தப் புலம்பல்?" என்று கேட்பவர்களும் உண்டு. முக்கியமான மருத்துவ எழுத்தை இயந்திரம் மொழிபெயர்த்தால் தகுதியுள்ள மனிதர் ஒருவர் சரிபார்த்தாக வேண்டும் என்று 2024இல் அமெரிக்க அரசே விதி போட்டிருக்கிறது. அந்தத் தகுதியுள்ள மனிதர் எத்தனை மணி நேரம் பயின்றிருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.