வாணலி மீனுக்கு ஏற்ற கோல்

கேள்வி: அமெரிக்க ஏரிகளில் புளூகில், கிராப்பி முதலிய சிறுமீன்களைப் பிடிக்க எத்தகைய தூண்டிற்கோல் உத்தமம்? கனத்த கோலே கௌரவம் என்கிறாரே நண்பர்?

பதில்: வாணலியில் முழுதாய்ப் படுக்கும் அளவினது என்பதனாலேயே ‘வாணலி மீன்’ என்று அந்நாட்டார் நாமகரணம் செய்த இந்த ஜீவன்களுக்காக உலக்கையொத்த கோலைத் தூக்குபவர், குருவியின் தலையில் பனங்காயை ஏற்றுபவரே ஆவார். 5 முதல் 7 அடி நீளமும், நாணலைப்போல் வளையும் நுனியும், 2 முதல் 6 பவுண்டு இழுவை தாங்கும் நைலான் நரம்பும் உள்ள இலேசான கோலே போதுமானது. ஏனெனில், கிராப்பியின் வாய்ச் சவ்வு காகிதம்போல் மெல்லியதாகையால், விறைத்த கோலை வெடுக்கென்று இழுத்த மாத்திரத்தில் உதடு கிழிந்து, மீனுக்குப் பந்த விமோசனமும் தங்களுக்கு வெறுங்கையும் சித்திக்கும். புளூகில்லோ இரையை உறிஞ்சிப் பார்த்து, பிடிக்காவிடில் துப்பிவிடுகிற ரசிகசிகாமணி. அச்சிறு துடிப்பைக் கைக்கு அறிவிக்காத கோல், சங்கீதக் கச்சேரியில் உறங்குகிற சபாநாயகருக்குச் சமானம்.

அலபாமாவில் 1950-இல் 4 பவுண்டு 12 அவுன்ஸ் எடையுள்ள புளூகில் ஒன்று அகப்பட்டது மெய்தான்; அதை உத்தேசித்துக் கனத்த கோல் வாங்குவது, லாட்டரிச் சீட்டை நம்பி இரும்புப்பெட்டி வாங்குவதற்கு ஒப்பாகும். ரீல் சுற்றத் தெரியாதவர்க்கு மூங்கிற்கழியும், தக்கையும், மண்புழுவும் அங்கும் உண்டு. அவற்றைக்கொண்டு சிறுவன் ஒருவன் கூடையை நிரப்ப, விலையுயர்ந்த கோலுடன் பக்கத்தில் நிற்கும் தங்கள் நண்பர் அநேகமாகக் காற்றைப் பழித்துக்கொண்டிருப்பார்.