அடைக்கு வாடி, ராசாத்தி!

அடைக்கு உட்காரும் கோழியின் மூக்கில் அதன் இறகையே பிடுங்கிச் செருகிய பரம்பரை எங்களுடையது. அதற்கும் மசியாவிட்டால் தண்ணீர் வாளியில் ஒரு முக்கு. அடை கலைந்தால்தான் மறுபடி முட்டை. முட்டை இருந்தால்தான் பெரியம்மாவின் சீட்டுக்காசு. மாத்தளை மாவட்டத்து ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்ட லயத்தில் நான் வளர்ந்த காலத்தில் அடை என்பது ஒரு வியாதி.

பிறகு எல்லாம் தலைகீழானது. 2022இல் நாட்டில் டொலர் தீர்ந்தது; கோழித்தீனியும் கூடவே போனது. 2023இல் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்து இறங்கியது. தீவெங்கும் கோழி கொக்கரிக்க, முட்டை மட்டும் கடல் தாண்டி வந்ததில் பெரியம்மாவுக்கு ரோசம். "இனி நம்ம குஞ்சை நாமளே பொரிச்சுக்கணும்" என்று அறிவித்துவிட்டார்.

அறிவிப்பு கோழிக்குப் போய்ச் சேரவில்லை.

மெஷின் வாங்கலாமே என்றேன். முட்டைக்கு 21 நாளும் ஏறக்குறைய 37.5 பாகைச் சூடு விடாமல் வேண்டும். நாமோ 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்வெட்டில் கிடந்தவர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததால்தான் இலங்கை முழுவதும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். "பாணந்துறையில ஒரு குரங்குக்கே இந்தக் கதி" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தார். அங்கே ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. மெஷின் பேச்சு அத்தோடு சரி.

ஆக, கோழி மனசு வைக்க வேண்டும். மனசு வைப்பதென்றால் அதன் மூளையடியில் புரோலாக்டின் ஊற வேண்டும். தாய்க்குப் பால் சுரக்க வைக்கிற அதே ஹோர்மோன். இருட்டான கூடு, சேர்ந்து கிடக்கும் முட்டை, வயிற்றில் படும் அதன் தொடுகை எல்லாம் ஒத்துவந்தால் ஊறும். வருடம் முழுக்க முட்டை வேண்டுமென்று பெருக்கிய லெகோர்ன், பண்ணைச் சிவப்புக் கோழிகளிடம் இந்தக் குணத்தைக் கிட்டத்தட்ட ஒழித்தே விட்டார்கள். கந்தோரில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் ஆள் மாதிரி, முட்டையைப் போட்டதும் அவை போய்விடும். ஊர்க்கோழிதான் கதி.

எங்கள் ஊர்க்கோழிக்கு உபசாரம் தொடங்கியது. குசினிக்குப் பின்னால் இருட்டு மூலை, மூங்கில் கூடை, காய்ந்த வாழைச் சருகு. போட்ட முட்டையை எடுக்காமல் விட்டால் அடை எண்ணம் வருமாம். எங்கள் வீட்டில் எடுக்காமல் விட்ட முட்டைக்குக் கால் முளைக்கும். அதனால் பொய்முட்டையாகச் சாதிக்காய் வைத்தோம். அளவு பொருத்தம். ஆனால் மாத்தளைக் கோழியிடமா வாசனைத் திரவியத்தை ஏமாற்றிக் கொடுப்பது? அலகால் உருட்டி வெளியே தள்ளிவிட்டது.

பெரியம்மாவின் மனம் தளரக்கூடாதென்று பாரிஸ் கதையைச் சொன்னேன். 2017இல் ஆப்ரஹாம் புவான்ஷவால் என்ற கலைஞர் அங்கே ஒரு கலைக்கூடத்தில், கண்ணாடி அறைக்குள் முட்டைகளின் மேல் உட்கார்ந்தார். கம்பளி போர்த்தி, உடம்பு சூடேற இஞ்சி தின்று, மூன்று வாரத்தில் நிஜமாகவே குஞ்சு பொரித்தார். பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இஞ்சிக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது; எனக்கோ அப்போது வேலை இல்லை. பேச்சை மாற்றினேன்.

கடைசியில் கோழி தானாகவே அடைக்கு வந்தது. காரணம் சொல்லவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூடையோடு கூடையாகப் படுத்து, கிட்டப் போனால் உறுமியது. சிக்கல் என்னவென்றால், எங்களிடம் சேவல் இல்லை. அடைக்குச் சேவல் வேண்டாம்; குஞ்சுக்கு வேண்டும். பணிய லயத்து அத்தையிடம் சேவல் மிதித்த முட்டைகளை வாங்கி, இருட்டியபின் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கோழிக்கடியில் வைத்தோம். இடி இடித்தால் கரு கலங்குமென்று பெரியம்மா ஓர் இரும்பாணி, ஒரு கரித்துண்டு, ஒரு செத்தல் மிளகாய் மூன்றையும் காவலுக்குப் போட்டார். ஏழாம் இரவு டோர்ச் அடித்துப் பார்த்து, நரம்போடாத முட்டைகளை எடுத்துவிட்டோம். கோழி நாளுக்கு ஒரு தடவை எழும்பும். அவசரமாகக் கொத்தித் தின்னும். லயமே மூக்கைப் பொத்துகிற மாதிரி ஒரு எச்சம் போட்டுவிட்டுத் திரும்பி ஓடும்.

குஞ்சு பொரித்த அன்றைக்கே பங்குத் தகராறு. "முட்டை என்னோடது, பாதி வாரம் குடுத்துரு மதினி" என்றார் அத்தை. "கோழி எங்களது, கூடை எங்களது, ஆணிகூட எங்களது" என்றார் பெரியம்மா. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தை வருடக்கணக்காகக் கேட்டு, 2021இல்தான் வர்த்தமானியில் பார்த்த சனம் நாங்கள். இது மட்டும் ஒரு சாயங்காலத்தில் முடியுமா? மூன்று வாரம் அரைப்பட்டினி கிடந்து வேலை பார்த்தவளைப் பேச்சுவார்த்தைக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. குஞ்சுகளை எண்ணக் கை நீட்டிய இருவரையும் அவள் பாரபட்சமில்லாமல் கொத்தினாள். இப்போதைக்குக் குஞ்சுகள் அவள் வசம். தொழிற்சங்கம் வைக்காமலே வென்ற ஒரே தொழிலாளி அவள்தான்.