மாட்டுவது சுலபம், கழற்றுவது?

கே: கைக்கருவியில் ஆப் இன்ஸ்டால் பண்ண மிகச் சுலபமான வழி எது? (ஒரு வாசகர், மதுரை)

ப: எதிர் வீட்டு காலேஜ் பையன்.

கே: கம்பெனிப் பூட்டு இல்லாமல் லினக்ஸ் ஓடும் கைக்கருவிகளைச் சுதந்திரக் கருவிகள் என்கிறார்கள். ஆனால் அவற்றில் ஒரு ஆப் போடுவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறதே, ஏன்? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

ப: சுதந்திரத்தைக் கொடுத்தவர்கள் வேலையையும் சேர்த்து நம் தலையில் கட்டிவிட்டார்கள், அதனால்தான். நோக்கியாவின் மேமோ கருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் 770 என்ற டேப்லெட்டில் ஆரம்பித்து, 2009-ல் என்900 போன் வரை வந்த வரிசை. உள்ளே ஓடியது டெபியன் வழிவந்த லினக்ஸ். யார் வேண்டுமானாலும் ஆப் எழுதித் தன் சொந்த சர்வரில் வைக்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அதைப் போட நினைப்பவர் முதலில் அந்த சர்வரின் முகவரி, பதிப்பின் பெயர், பிரிவின் பெயர் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். இதற்கு மருந்தாக ‘இன்ஸ்டால் ஃபைல்’ என்று ஒன்று வந்தது. சில வரிகளே உள்ள குட்டி ஃபைல். முகவரியும் ஆப்பின் பெயரும் அதிலேயே இருக்கும். பிரவுசரில் தொட்டால் மீதியை அப்ளிகேஷன் மேனேஜர் பார்த்துக்கொள்ளும். ஒரே தொடுதலில் வேலை முடிந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். வில்லங்கம் பிறகுதான் வந்தது. ஒவ்வொரு தொடுதலும் ஒரு புது சர்வரைப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போகும். இந்த சர்வர் தரும் லைப்ரரி, அதாவது ஆப்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பு, அந்த சர்வரின் ஆப்புக்கு ஒத்துவராது. ஏதாவது ஒன்று படுத்துவிட்டால், தேவையான பொதி கிடைக்கவில்லை என்று கருவி கையை விரிக்கும். என்900-ல் 32 ஜிபி இருந்தும், சிஸ்டத்துக்கு ஒதுக்கியது 256 எம்பி சில்லு ஒன்றுதான். ஆப்கள் பழக்கதோஷத்தில் நேராக அங்கேயே போய் உட்கார்ந்தன. கடைசியில் சிஸ்டம் அப்டேட்டுக்கே இடமில்லாமல், போட்டதையெல்லாம் பிடுங்கிவிட்டு அப்டேட் செய்தவர்கள் உண்டு. உள்ளே வரும் வழியைத்தான் சுலபமாக்கினார்கள், வெளியே போகும் வழியை யாரும் யோசிக்கவில்லை. என் கட்சி இதுதான்: ஆப் போடுவது சுலபமா என்று தெரிய, போட்டுப் பார்த்தால் போதாது, எடுத்துப் பார்க்க வேண்டும். சுவடில்லாமல் எடுக்க முடிந்தால்தான் பயமில்லாமல் போட மனசு வரும்.

கே: டெர்மினலைத் திறந்து ஒரு வரி கமாண்ட் அடித்தால் முடிந்தது. அதுகூடவா கஷ்டம்? (ஒரு பொறியாளர், ஓசூர்)

ப: கஷ்டமே இல்லை. அதற்குப் பிறகு வரும் நாற்பது வரியைப் படிப்பதுதான் கஷ்டம்.

கே: மேமோவில் ‘சிவப்பு மாத்திரை’ என்று ஏதோ இருந்ததாமே, மருந்துக்கடை ஆப்பா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

ப: இல்லை, சினிமாப் பைத்தியம். அப்ளிகேஷன் மேனேஜரில் புது சர்வர் சேர்க்கும் இடத்துக்குப் போய், முகவரிக்குப் பதில் ‘மேட்ரிக்ஸ்’ என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டு வேண்டாம் என்று திரும்பினால், சிவப்பா நீலமா என்று கருவி கேட்கும். 1999-ல் வந்த அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு மீதி தெரியும். நீலம் என்றால் பழைய நிம்மதி. சிவப்பு என்றால், அதுவரை மறைத்து வைத்திருந்த லைப்ரரிகள், சிஸ்டத்தின் உள்ளுறுப்புகள் அத்தனையும் பட்டியலில் வந்து நிற்கும். தவறிப்போய் எதையாவது நீக்கினால் கருவியே கண்ணை மூடிவிடும். டெர்மினல் பக்தர்களைச் சீண்டாமல் எனக்கு ஒரு வாரமும் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த விளையாட்டை எழுதியவருக்கு ஒரு கும்பிடு. திறந்த கருவி என்றால் எல்லாவற்றையும் எல்லோர் கண்ணிலும் கொட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒருபக்கம், கண்ணில் படாததைத் தொடவே கூடாது என்று ஆணியடித்து மூடுபவர்கள் மறுபக்கம். இவர்களுக்கு நடுவே ஒரு வழி உண்டு என்று இந்த மாத்திரை காட்டியது. தேவையில்லாதவர் கண்ணில் படாமல் வை, ஆனால் சாவியை வாங்கியவர் கையிலேயே விடு. ஆப் போடுவதைச் சுலபமாக்க இதற்கு மேல் தத்துவம் தேவையில்லை.

கே: யாராவது இதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா, இல்லை குறை சொல்வது மட்டும்தான் உங்கள் வேலையா? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

ப: குறை சொல்வது முழுநேர வேலை. பாராட்டுவது ஓவர்டைம். இதோ ஓவர்டைம். 2010-ல் வெளிவந்த பாண்டோரா என்ற கையடக்கக் கருவி. சின்ன விசைப்பலகை, விளையாட்டுப் பொத்தான்கள், இரண்டு மெமரி கார்டு துளைகள், உள்ளே முழு லினக்ஸ். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. விளையாட்டுப் பிரியர்கள் சிலர் சேர்ந்து, முன்பணம் வாங்கிச் செய்தது. ஆனால் ஆப் விஷயத்தில் கோடீஸ்வரர்களுக்குத் தோன்றாதது இவர்களுக்குத் தோன்றியது. ஒரு ஆப் என்றால் ஒரே ஒரு பிஎன்டி ஃபைல். நிரல், அதற்கு வேண்டிய லைப்ரரி, படம், சத்தம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். வாலில் ஆப்பின் பெயரும் விவரமும் ஐகானும் ஒட்டியிருக்கும். ஹோட்டலில் பார்சல் வாங்கினால் சாம்பார், ரசம், பொரியல், அப்பளம் எல்லாம் உள்ளேயே வருகிறது, ரசத்துக்காக நம்மை அடுத்த தெருவுக்கு அனுப்புவதில்லை அல்லவா, அதே கதை. மெமரி கார்டில் அதற்கென்று உள்ள ஃபோல்டரில் ஃபைலைப் போட்டால், பின்னணியில் கண்காணித்துக்கொண்டிருக்கும் சின்ன நிரல் ஒன்று அதைக் கண்டுபிடித்து மெனுவில் ஐகானைக் கொண்டுவந்து வைக்கும். எதையும் எங்கும் பிரித்துப் பரப்புவதில்லை. ஓடும்போது ஃபைல் அப்படியே சிஸ்டத்தோடு இணையும், முடிந்ததும் விலகிக்கொள்ளும். நீங்கள் சேமித்த ஆட்டமும் அமைப்புகளும் அதே கார்டில் தனி ஃபோல்டரில் இருக்கும். ஆப் வேண்டாமா? ஃபைலை அழியுங்கள். அன்இன்ஸ்டால் அவ்வளவுதான். கார்டைக் கழற்றினால் அதிலிருந்த ஆப்களும் கூடவே போய்விடும், கருவி அலட்டிக்கொள்ளாது. நண்பருக்குக் கொடுக்க ஃபைலை நகலெடுத்தால் போதும். தரும் சர்வரே ஒருநாள் மூடிப்போனாலும் கையில் உள்ள ஃபைல் ஓடிக்கொண்டேயிருக்கும். கஷ்டம் மாயமாகிவிடவில்லை, இடம் மாறியது. ஆயிரம் பேர் ஆளுக்கொரு முறை பட வேண்டிய பாட்டை, ஆப்பைக் கட்டித் தருபவர் ஒருவரே ஒரு தடவை பட்டுவிடுகிறார். நியாயமான கணக்கு.

கே: எல்லா ஆப்பும் எல்லா லைப்ரரியையும் சுமந்தால் இடம் வீணாகாதா? பாதுகாப்பு ஓட்டை வந்தால் யார் அடைப்பது? (ஒரு பேராசிரியர், காரைக்குடி)

ப: முதல் பாதிக்கு என் பதில் அலட்சியமானது: மெமரி கார்டு மலிவு, மனுஷன் பொறுமை விலை அதிகம். இரண்டாம் பாதிக்கு அப்படித் தப்பிக்க முடியாது. 2014-ல் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளிவந்தபோது, லைப்ரரியைப் பொதுவில் வைத்திருந்த கணினிகளில் அதை ஒரு தடவை மாற்றினால் போதும். ஆளுக்கொரு பிரதியாக ஆப்புகள் சுமந்திருந்தால் ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டும். கட்டித் தந்தவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். இந்தக் குறை உண்மைதான். அதற்காகப் பழைய சிக்கலுக்கே திரும்ப வேண்டியதில்லை. 2022-ல் வந்த ஸ்டீம் டெக் ஆட்டக் கருவியில் இதற்கு நடுவழி இருக்கிறது. அதன் சிஸ்டம் பகுதியைச் சாதாரணமாக எழுத முடியாது, படிக்க மட்டும்தான். பூட்டைத் திறந்து பழைய பாணியில் ஏதாவது போட்டால் அடுத்த சிஸ்டம் அப்டேட்டில் அது காணாமல் போகும். ஆப்களை டெஸ்க்டாப் பக்கத்திலிருந்து ஃபிளாட்பேக் பொதிகளாகப் போடலாம். அவை தனியிடத்தில் இருப்பதால் சிஸ்டம் எத்தனை முறை மாறினாலும் அசையாது. பொதுவான லைப்ரரிகள் ‘ரன்டைம்’ என்று ஒரு கட்டாகப் பகிரப்படுகின்றன. அந்தக் கட்டில் ஓட்டையை அடைத்தால் அதை நம்பியுள்ள எல்லா ஆப்புக்கும் அடைத்த மாதிரி. ஆப் தன்னோடு தனியாகக் கொண்டுவரும் லைப்ரரிக்கு மட்டும் இந்தக் காப்பு கிடையாது, பேராசிரியருக்கு அந்த அளவில் வெற்றி.

கே: இன்ஸ்டால் ஆகும்போது 99 சதவீதத்தில் வந்து நின்றுவிடுகிறதே? (ஒரு மாணவர், வேலூர்)

ப: அந்தப் பட்டையை வரைந்தவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கே: அம்மாவின் போனுக்கு வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஏபிகே ஃபைல் வந்தது. தொட்டார். வங்கிக் கணக்கில் இருந்த பணம் போய்விட்டது. இன்ஸ்டால் செய்வதைக் கஷ்டமாக்குவதுதானே நல்லது? (ஒரு வாசகி, திருவண்ணாமலை)

ப: முதலில் அவசரம்: 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் வங்கியையும் இன்னும் அழைக்கவில்லை என்றால், மீதியைப் பிறகு படியுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. அம்மாவைத் திட்டாதீர்கள், இந்த வலையில் படித்தவர்களும் விழுகிறார்கள். உங்கள் கேள்வி நான் இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் எதிரான வலுவான வாதம், அதனால் கேலி இல்லாமல் பதில் சொல்கிறேன். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், வாட்ஸ்அப் வழியாக ஒரு ஆப் போட வேண்டுமானால் வாட்ஸ்அப்புக்கென்று தனியாக அனுமதி தர வேண்டும். ஆக, கதவில் காவல் இருந்தது. ஆனால் அந்தக் காவலாளி எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்வி: எங்கிருந்து வருகிறாய்? நல்ல ஆப்புக்கும் திருட்டு ஆப்புக்கும் ஒரே எச்சரிக்கை என்றால் மனிதர்கள் அதைப் படிப்பதை நிறுத்திவிடுவார்கள். இந்த மாதிரித் திருட்டில் பணம் போவது பெரும்பாலும் இரண்டாவது கதவில். போலிப் பத்திரிகை எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓடிபி அவர்கள் கைக்குப் போகும். கல்யாணப் பத்திரிகைக்கு எஸ்எம்எஸ் படிக்கும் வேலை என்ன என்று போன் அங்கேதான் உரக்கக் கேட்டிருக்க வேண்டும். மூன்றாவது அநியாயம், இவற்றில் பல தன் ஐகானை மறைத்துக்கொள்ளும், நீக்கத் தேடினால் எளிதில் கிடைக்காது. அதனால்தான் எடுப்பது சுலபமாக இருக்க வேண்டும் என்று விடாமல் சொல்கிறேன். எந்த ஆப்பும் பட்டியலிலிருந்து ஒளிய முடியாது, எதையும் ஒரே தொடுதலில் எடுக்கலாம் என்றால் திருடனுக்குப் பாதி தொழில் போச்சு. இன்றே அம்மாவின் போனில் செட்டிங்ஸ் போய், தெரியாத ஆப்களை இன்ஸ்டால் செய்யும் அனுமதியில் வாட்ஸ்அப்பும் பிரவுசரும் அணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

கே: அதற்குத்தானே ஆப் எழுதுகிறவர்கள் எல்லோரும் அடையாளம் காட்ட வேண்டும் என்று கூகுள் சொல்கிறது? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

ப: 2025 ஆகஸ்டில் சொன்னது. 2026 செப்டம்பர் முதல் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி, கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில், ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் ஆப்பாக இருந்தாலும் எழுதியவர் கூகுளிடம் பதிந்திருக்க வேண்டும் என்பது திட்டம். எதிர்ப்பு கிளம்பியதும், ஆபத்து தெரிந்தே போடுகிறவர்களுக்கு எச்சரிக்கைகளோடு ஒரு வழி விடுவதாக 2025 நவம்பரில் சேர்த்துச் சொன்னது. குற்றவாளியைப் பிடிக்க அடையாளம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் எழுதியவர் யார் என்பது ஒன்று, எழுதியது என்ன செய்யும் என்பது வேறொன்று. ‘ஜோக்கர்’ வகைத் திருட்டு ஆப்புகள் ப்ளே ஸ்டோருக்குள்ளேயே மறுபடி மறுபடி நுழைந்தன, அங்கே பதிவு செய்யாமல் யாரும் ஆப் வைக்க முடியாது. மாறாக, 2010 முதல் இயங்கும் எஃப்-டிராய்டு என்ற ஆப் களஞ்சியம், மூல நிரலை வாங்கித் தானே ஆப்பாக உருவாக்கித் தருகிறது. அதில் இன்னார் எழுதினார் என்பதோடு, இன்னதுதான் எழுதினார் என்பதையும் யாரும் பார்க்கலாம். ஒரு கம்பெனியின் பதிவேடு மட்டுமே வாசல் என்றால் அந்தக் கம்பெனிக்கு மனசு மாறும் நாளில் வாசலும் மாறும். பதிவேடுகள் பல இருக்கட்டும், எதை நம்புவது என்பதை போனுக்குக் காசு கொடுத்தவர் முடிவு செய்யட்டும்.

கே: கடைசியில் எந்தக் கைக்கருவி வாங்கலாம்? (ஒரு வாசகர், சேலம்)

ப: கடைக்காரரிடம் ஒரு ஆப்பைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், பிறகு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவதற்கு அவர் காபி வரவழைத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். காபியைக் குடித்துவிட்டு.

கே: உங்கள் பதில்களையே ஒரு ஆப்பாகப் போட்டால் என்ன? (ஒரு வாசகி, பழனி)

ப: இப்போது பக்கத்தைத் திருப்பினாலே நான் அன்இன்ஸ்டால் ஆகிவிடுகிறேன். இதைவிடச் சுலபமாக எந்த ஆப் போகும்?